என் மகளின் கன்னத்தைப் பற்றி நான் திருத்திச் சொல்லும் சாட்சி

மூன்று மாதக் குழந்தைக்குச் சொறியத் தெரியாது என்றுதான் நினைத்திருந்தேன். என் மகள் எஸ்தருக்குத் தெரிந்திருந்தது. கை வராததால் கன்னத்தாலேயே சொறிந்தாள். தூக்கித் தோளில் போட்டால் போதும், முகத்தை என் சட்டையில் இப்படியும் அப்படியும் தேய்ப்பாள். நிறுத்த மாட்டாள். கீழே இறக்கினால் கன்னம் இரண்டும் தக்காளித் தோல் உரித்த மாதிரி இருக்கும். என் தோளில் ஈரம் இருக்கும். அது எச்சில் இல்லை என்பது எனக்கு இரண்டாவது வாரத்தில்தான் புரிந்தது. அவள் கன்னத்திலிருந்து நீர் கசிந்துகொண்டிருந்தது.

என் பெயர் ஜோயல். பெங்களூரில் மர்பி டவுனில் குடியிருக்கிறோம். அப்பா அம்மா கோலார் தங்கவயலில் இருக்கிறார்கள். நான் பீன்யாவில் ஒரு வண்டி உதிரிபாகத் தொழிற்சாலையில் தரச் சோதனைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். அளந்து பார்த்து, சரியாக இருந்தால் பச்சை ஸ்டிக்கர் ஒட்டுவது என் வேலை. நம் சபையில் வாலிபர் குழுவில் இருக்கிறேன். ஞாயிறு ஆராதனையில், ஆண்டவர் செய்த நன்மையை எழுந்து சொல்லும் சாட்சி நேரத்தில் மைக்கைக் கொடுத்து வாங்குகிறவன் நான்தான். "ரெண்டு நிமிஷம்தான் ஆன்ட்டி" என்று எத்தனை பேரை அவசரப்படுத்தியிருப்பேனோ, அவர்கள் எல்லாரும் இதைப் படிக்கும்போது சிரித்துக்கொள்ளலாம். இந்தச் சாட்சி இரண்டு நிமிடத்தில் முடியாது.

ஏனென்றால் இதை நான் ஏற்கெனவே ஒருமுறை சொல்லிவிட்டேன். தப்பாகச் சொன்னேன்.

எஸ்தருக்கு வந்தது கரப்பான். ஊரில் அப்படித்தான் சொல்வார்கள், டாக்டர்கள் எக்ஸிமா என்கிறார்கள். கைக்குழந்தைகளில் நிறைய பேருக்கு வருவதுதான். ஆனால் உங்கள் குழந்தைக்கு வரும்போது உலகத்திலேயே உங்கள் குழந்தைக்கு மட்டும்தான் வந்த மாதிரி இருக்கும். கன்னத்தில் தொடங்கி நெற்றிக்கு ஏறி, முழங்கை மடிப்புக்கு இறங்கியது. அவள் நகத்தால் சொறியப் பழகியதும் நாங்கள் கைகளுக்குச் சாக்ஸ் மாட்டிவிட்டோம். சாக்ஸோடு கையை ஆட்டி அழும் குழந்தையைப் பார்த்துக்கொண்டு ஒரு மனுஷன் வேலைக்குக் கிளம்பிப் போவது சுலபம் இல்லை.

எனக்குப் பொறுமை இல்லை. என் மனைவி ஷீபாவைக் கேளுங்கள், சொல்வாள். நூடுல்ஸ் வேகும் இரண்டு நிமிடத்தில் நான் மூன்று தடவை மூடியைத் திறந்து பார்க்கிறவன். எஸ்தர் விஷயத்திலும் அப்படித்தான். யார் என்ன சொன்னாலும் அன்றைக்கே செய்தேன். கடலை மாவு தேய்த்தோம். வேப்பிலைத் தண்ணீர் ஊற்றினோம். வாசனைப் பவுடர் போட்டோம். போனில் ஒரு காணொளியில் சொன்னார்கள் என்று தேங்காய் எண்ணெயில் கற்பூரம் போட்டுச் சூடாக்கினேன், அதை மட்டும் ஷீபா பிடுங்கிக் கீழே ஊற்றிவிட்டாள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு நாள் அவகாசம். இரண்டு நாளில் சரியாகவில்லை என்றால் அடுத்தது.

டிசம்பரில் அல்சூர் பக்கம் ஒரு குழந்தை டாக்டரிடம் காட்டினோம். நல்ல மனிதர். நிதானமாகப் பேசினார். தோல் காய்கிறது, அதனால் அரிக்கிறது, அரிப்பதால் புண்ணாகிறது என்றார். எங்கள் குடும்பத்தில் யாருக்காவது வீசிங் உண்டா என்று கேட்டார், எனக்கு உண்டு. மாவு, பவுடர், வேப்பிலை எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னார். வெதுவெதுப்பான தண்ணீரில் சீக்கிரம் குளிப்பாட்டி, ஈரம் காய்வதற்குள் வாசனை இல்லாத மாய்ஸ்சரைசர் தடவ வேண்டும், ஒரு நாளைக்கு நாலைந்து முறை. சிவந்த இடத்தில் மட்டும் வீரியம் குறைந்த ஒரு களிம்பு, சில நாட்களுக்கு.

"எப்ப டாக்டர் முழுசா போகும்?" என்று கேட்டேன்.

"போகும், வரும். வளர வளரக் குறையும். பொறுமையா இருக்கணும்."

அந்தக் கடைசி வார்த்தையோடு என் காது மூடிக்கொண்டது. படியிறங்கும்போதே ஷீபாவிடம் சொன்னேன், "இவருக்கே தெரியல. போகும் வரும்னா என்ன அர்த்தம்? பஸ்ஸா?"

"அவர் சொன்ன மாதிரி ஒரு மாசம் செஞ்சு பாப்போங்க," என்றாள் ஷீபா. "மெடிக்கல் ஷாப்ல கேட்டு எதையாவது வாங்கிட்டு வந்துடாதீங்க. எங்க அக்கா பையனுக்கு அப்படி ஆச்சு."

நான்கு நாள் செய்தோம். கன்னம் கொஞ்சம் வெளுத்தது, மறுபடி சிவந்தது. எனக்குப் போதும் என்றாகிவிட்டது.

ஜெபம் பண்ணினேனா? பண்ணினேன். எப்படி என்று இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. "ஆண்டவரே, இந்த ஞாயிற்றுக்கிழமைக்குள்ள" என்பேன். கம்பெனியில் சப்ளையரிடம் பேசுகிற தொனியில் ஆண்டவரிடம் பேசிக்கொண்டிருந்தேன். காலையில் கண் விழித்ததும் தொட்டிலுக்கு ஓடி, போன் வெளிச்சத்தில் கன்னத்தைப் பார்த்து, படம் எடுத்து, நேற்றைய படத்தோடு வைத்துப் பார்ப்பேன். வேலை இடத்தில் அரை மணிக்கு ஒருமுறை ஷீபாவுக்குப் போன். "எப்படி இருக்கு?" "நீங்க கேட்டு முப்பது நிமிஷத்துல எப்படி இருக்கணுமோ அப்படித்தான் இருக்கு." வைத்துவிடுவாள்.

ஜனவரியில் சபையில் மூன்று நாள் உபவாச ஜெபம் வைத்தோம். முதல் நாள் காலை, பீன்யாவில் பஸ் விட்டு இறங்கும் இடத்தில் ஒரு மெடிக்கல் ஷாப் இருக்கிறது, அங்கே நின்றேன். போனில் எஸ்தரின் படத்தைக் காட்டினேன். கடைக்காரர் படத்தைப் பெரிதாக்கிக்கூடப் பார்க்கவில்லை.

"இதானா? இது போடுங்க சார். மூணு நாள். எல்லாத்துக்கும் இதான் போகுது."

சின்ன ட்யூப். டாக்டர் சீட்டு கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை, உள்ளே என்ன இருக்கிறது என்று. ஒரு நட்டு போல்ட்டுக்குக்கூடச் சான்றிதழ் கேட்கிறவன் நான்.

ஷீபாவிடம் சொல்லவில்லை. சொன்னால் தடுப்பாள் என்று தெரியும். காலையில் அவள் சமையலில் இருக்கும்போது குழந்தை என் பொறுப்பு. அந்தப் பத்து நிமிடத்தில் தடவினேன், ட்யூபை என் ஆபீஸ் பையின் உள் அறையில் போட்டுக்கொண்டேன். தடவும்போது ஜெபமும் பண்ணினேன். அதுதான் வேடிக்கை.

மூன்றாவது நாள், உபவாசம் முடியும் நாள், எஸ்தரின் கன்னம் தெளிந்துவிட்டது. உண்மையாகவே தெளிந்துவிட்டது. ஷீபா அவளை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு அப்படியே உட்கார்ந்து அழுதாள். "கேட்டுட்டாருங்க. நம்ம ஜெபத்தைக் கேட்டுட்டாரு." அப்போது சொல்லியிருக்க வேண்டும். ஒரு வரி போதும். அவள் முகத்தைப் பார்த்தேன். எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்: ட்யூப் சும்மா, ஆண்டவர்தான் செய்தார். ஆண்டவர்தான் செய்தார் என்றால் ட்யூபை ஏன் ஒளித்து வைத்தேன் என்று அப்போது என்னை நானே கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாட்சி நேரம். வழக்கமாக மைக்கைக் கொடுக்கிறவன், அன்று நானே பிடித்துக்கொண்டேன். உங்களுக்குத் தெரியும், நம் சபையில் யாராவது சாட்சி சொன்னால் கீபோர்டு தம்பி பின்னால் மெதுவாக வாசித்துக்கொண்டே இருப்பான். சாட்சி சூடு பிடித்தால் அவனும் ஏற்றுவான். ஷீபா எஸ்தரைத் தூக்கிக்கொண்டு பக்கத்தில் நின்றாள். நான் கன்னம் புண்ணானதைச் சொன்னேன், சாக்ஸைச் சொன்னேன், மூன்று நாள் உபவாசத்தைச் சொன்னேன். எல்லாம் உண்மை. கீபோர்டு ஏறியது. ஜனங்கள் முன்னால் சாய்ந்தார்கள். என் வாயிலிருந்து வந்தது, "எந்த மருந்தும் போடல சபையே! எந்த மருந்தும் போடல!"

கைதட்டல் கூரையைத் தூக்கியது. பாஸ்டர் எழுந்து நின்று ஆமென் என்றார்.

அதோடு விட்டேனா? சபையின் காணொளிகளை வெட்டி ஒட்டுகிறவனும் நான்தானே. என் சாட்சியை நானே ஒரு நிமிடத் துண்டாக வெட்டினேன். முன்பு, பின்பு என்று கன்னத்தின் இரண்டு படங்களை வைத்தேன். மேலே பெரிய மஞ்சள் எழுத்தில் "மருந்தில்லாமல் சுகம்" என்று போட்டேன். சாயங்காலத்துக்குள் தங்கவயலில் என் அத்தைக்குப் போய், அங்கிருந்து எனக்கே திரும்பி வந்தது, "இதைப் பார் ஜோயல், எவ்வளவு அற்புதம்" என்று.

பிப்ரவரி முழுக்க ஓட்டம்தான். தடவினால் தெளிகிறது. இரண்டு நாள் விட்டால் முன்பைவிட அதிகமாகச் சிவக்கிறது. ஒரு வேளை இரண்டு வேளையானது. ஒரு ட்யூப் முடிந்து இன்னொன்று வாங்கினேன், அதே கடைக்குப் போக வெட்கமாக இருந்து அடுத்த ஸ்டாப்பில் இறங்கி வேறு கடைக்குப் போனேன். கன்னத்துத் தோல் மெல்லிசாகிப் பளபளவென்று ஆனது. சின்னச் சின்ன ரத்தக் குழாய்கள் சிவப்பு நூல் மாதிரி தெரிந்தன. பார்த்தேன். பார்த்தும் தடவினேன். ஞாயிற்றுக்கிழமைகளில் குல்லாவும் முழுக்கை ஸ்வெட்டரும் போட்டுத்தான் அவளைச் சபைக்குக் கொண்டுபோனோம். கல்யாண வயசுப் பெண்ணை மறைக்கிற மாதிரி ஆறு மாதக் குழந்தையை மறைத்தோம். மார்ச் மாத வெயிலில் அவள் உள்ளே வெந்து, வேர்த்து, இன்னும் அரித்து அழுதாள்.

"ஜோயல், பாப்பா எங்க? காட்டவே மாட்டேங்கறியே, சாட்சி பாப்பா!" என்று கூப்பிடுவார்கள். எல்லாரும் அவளை அப்படித்தான் கூப்பிட்டார்கள். சாட்சி பாப்பா.

ஒரு நாள் ஷீபா துணி மடித்துக்கொண்டே கேட்டாள், "ஜெபத்துல போனது ஏங்க திரும்பி வருது?"

"தெரியல."

"என் விசுவாசத்துலதான் ஏதோ குறை. நான்தான் உபவாசத்தப்ப, மறுபடி டாக்டர்கிட்டயே போயிருக்கலாம்னு மனசுல நெனச்சேன். அதான்."

மறுநாளிலிருந்து அவள் மதியம் வரை சாப்பிடுவதை நிறுத்தினாள். தாய்ப்பால் கொடுக்கிற பெண். மூன்று வாரம். நான் "சாப்பிடு, சாப்பிடு" என்று சொன்னேன், காரணத்தை மட்டும் சொல்லவில்லை. சகோதரரே, சகோதரிகளே, இந்தச் சாட்சியில் நான் எழுதக் கூசுகிற இடம் இதுதான். எழுதிவிட்டேன்.

மார்ச் கடைசியில் ஒரு திங்கட்கிழமை, பதினோரு மணிக்குப் போன் வந்தது. ஷீபா அழவில்லை, அதனால்தான் பயந்தேன். "கன்னத்துல மஞ்சளா பொறுக்கு கட்டியிருக்கு. தேன் காஞ்ச மாதிரி. உடம்பு கொதிக்குது. பால் குடிக்கல." மேலாளரிடம் சொல்லாமலே ஓடினேன். மெட்ரோவில் உட்கார முடியவில்லை. ஒவ்வொரு ஸ்டேஷனிலும் கதவு திறந்து மூடுவதற்குள் எனக்கு உயிர் போய் வந்தது. நான் போய்ச் சேர்வதற்குள் ஷீபா ஆட்டோ பிடித்துக் குழந்தையை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தாள்.

பணியில் இருந்தவர் ஒரு பெண் தோல் டாக்டர். கன்னடக்காரர், எங்களிடம் தமிழும் பேசினார். எஸ்தரின் கன்னத்தை விளக்கடியில் பார்த்தார். முகத்தில் மட்டுமில்லை, கழுத்திலும் முழங்கையிலும் சீழ் வைத்திருந்தது.

"ஏனு ஹச்சிதிரி இதக்கே? என்ன தடவுனீங்க?"

ஷீபா சொன்னாள், "ஒண்ணுமே தடவல டாக்டர். ஜெபம் மட்டும்தான்."

டாக்டர் என்னைப் பார்த்தார். "இது ஒண்ணும் தடவாத தோல் இல்லம்மா. இவ்வளவு மெல்லிசா ஆகாது. நல்லா யோசிச்சு சொல்லுங்க. தெரிஞ்சாத்தான் நான் சரியா மருந்து கொடுக்க முடியும்."

என் பை என் தோளில்தான் தொங்கியது. உள் அறையில் ட்யூப் இருந்தது. நான் ஷீபா சொன்னதற்குத் தலையாட்டினேன்.

எஸ்தரின் குட்டிக் கையில் ஊசி குத்தி மருந்து ஏற்றினார்கள். நரம்பு கிடைக்காமல் மூன்று இடத்தில் குத்தினார்கள். "அளபேடா கந்தா, அழாதே" என்று நர்ஸம்மா சொல்லிக்கொண்டே இருந்தார். எஸ்தர் அழவில்லை. அழக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தாள். அந்த அமைதியை எந்த அப்பாவும் பார்க்க வேண்டாம்.

மறுநாளும் காய்ச்சல் விடவில்லை. மதியம் பார்வையாளர் நேரத்தில் நம் சபை ரோஸி அக்கா வந்தார்கள். நீலசந்திராவிலிருந்து இரண்டு பஸ் மாறி, இரண்டு வயது மகன் ஆரோனை இடுப்பில் வைத்துக்கொண்டு, ஃப்ளாஸ்கில் கஞ்சியோடு. ஷீபாவுக்குக் கஞ்சி ஊற்றிக் கொடுத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்கள்.

"தம்பி, நீயே ஒரு தடவை இவன் தலைமேல கைவெச்சு ஜெபம் பண்ணேன்." ஆரோனின் சட்டைக் கையை மேலே ஏற்றினார்கள்.

முழங்கை மடிப்பு இரண்டிலும் ரத்தம் காய்ந்திருந்தது. எஸ்தருக்கு இருக்கும் அதே நோய். பெரிய பிள்ளை என்பதால் தானே சொறிந்து கிழித்திருந்தான்.

"அக்கா, இவனுக்கு டாக்டர் ஒரு ஆயின்மென்ட் கொடுத்திருந்தாரே?"

"அதை நிறுத்திட்டேன்பா. உன் வீடியோ பாத்த அன்னைக்கே தூக்கிப் போட்டுட்டேன். நீ மருந்தில்லாம விசுவாசிச்சே, நான் மட்டும் ஏன் ட்யூபைப் பிடிச்சுக்கிட்டுத் தொங்கணும்னு. ரெண்டு மாசமாச்சு. தெனம் ஒரு தடவை அந்த வீடியோவைப் போட்டுப் பாக்கறேன், தைரியத்துக்கு."

ஆரோன் அதைக் கேட்டு, "சாச்சி பாப்பா" என்றான், கட்டிலைக் காட்டி.

எனக்கு அங்கே நிற்க முடியவில்லை. டயபர் வாங்கி வருகிறேன் என்று சொல்லி வராண்டாவுக்கு வந்தேன். தண்ணீர் ஃபில்டர் பக்கம் சுவரோடு நின்றேன். ஆட்கள் பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டு போனார்கள். அங்கேதான் ஜெபித்தேன். குணமாக்கும் என்று கேட்கவில்லை. அதைக் கேட்க எனக்கு வாய் இல்லை. "ஆண்டவரே, நான் பொய் சொல்லிட்டேன். உம்ம பேர்ல சொன்னேன். இப்ப ரெண்டு பிள்ளைங்க கெடக்குது. எனக்கு நெஜத்தைச் சொல்லணும், என்னால முடியல. ஷீபா முகத்தைப் பாத்தா முடியல. நீர் சொல்ல வையும்." இவ்வளவுதான். நாள் குறிக்காமல் நான் பண்ணிய முதல் ஜெபம் அது.

ஒளி எதுவும் தெரியவில்லை, குரல் எதுவும் கேட்கவில்லை. பயமும் போகவில்லை. ஆனால் கால் திரும்பியது. டயபர் கடைப் பக்கம் போகாமல் வார்டுப் பக்கம் திரும்பி நடந்தது. நான் உள்ளே நுழையவும் டாக்டர் எஸ்தரின் கட்டிலுக்கு வரவும் சரியாக இருந்தது. பையைத் திறந்தேன். ட்யூபை எடுத்து டாக்டர் கையில் வைத்தேன்.

"இதைத்தான் டாக்டர் தடவினேன். ஜனவரியிலேருந்து. இவங்களுக்குத் தெரியாது."

ஷீபா கஞ்சி டம்ளரைக் கையில் பிடித்தபடி இருந்தாள். ரோஸி அக்கா என்னையும் ட்யூபையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

டாக்டர் ட்யூபைத் திருப்பிப் பொடி எழுத்தை வாசித்தார். நான் இத்தனை நாள் வாசிக்காத எழுத்து. "மூணு மருந்து ஒண்ணா கலந்தது. இதுல இருக்கற ஸ்டீராய்டு ரொம்ப வீரியமானது. பெரியவங்க மொகத்துக்கே போடக் கூடாது, இது கூசு." கூசு என்றால் கன்னடத்தில் கைக்குழந்தை. நான் திட்டுக்குக் காத்திருந்தேன். அவர் பெருமூச்சு விட்டு, கேஸ் சீட்டில் ஏதோ எழுதினார். "சரி. இப்பவாவது சொன்னீங்க. இனிமே எனக்கு வழி தெரியும். தோல் திரும்பும், டைம் எடுக்கும். அவசரப்படக் கூடாது, ஆயித்தா?"

"ஆயித்து, சரி டாக்டர்," என்றேன். இந்தத் தடவை காது திறந்திருந்தது.

டாக்டர் போனதும் ரோஸி அக்கா என் முன்னால் வந்து நின்றார்கள். "எந்த மருந்தும் போடலன்னு ரெண்டு தடவை சொன்னியேடா. மைக்ல. ஒரு தடவை சொல்லியிருந்தாக்கூட வாய் தவறிச்சுன்னு நெனச்சுக்குவேன்." கதவு வரை போனார்கள். திரும்பி வந்தார்கள். "அந்த டாக்டரம்மா இவனைப் பாப்பாங்களா? போய்க் கேளு. நீதான் கேக்கணும்." ஓடிப்போய்க் கேட்டேன். பார்த்தார்கள்.

ஷீபா ஒரே ஒரு வரிதான் சொன்னாள். "மூணு வாரம் நான் சாப்பிடலங்க." அதற்குப் பிறகு இரண்டு நாள் என்னிடம் டயபர், வெந்நீர், பில் இந்த மூன்றைத் தவிர எதுவும் பேசவில்லை. அவள் பேச வேண்டும் என்று நான் அவசரப்படவும் இல்லை. அது எனக்குப் புதுசு.

நான் ட்யூபைக் கொடுத்த அன்று சாயங்காலமே மருந்துகளை மாற்றினார்கள். அடுத்த நாள் காய்ச்சல் இறங்கியது. அதற்கு அடுத்த நாள் எஸ்தர் பால் குடித்தாள், குடித்துவிட்டு நர்ஸம்மாவின் பேனாவைப் பிடுங்கினாள். கர்த்தருக்கே மகிமை என்று நான் எழுதுகிற இடம் இதுதான், நண்பர்களே. மருந்து வேலை செய்தது. மருந்து வேலை செய்ய என் வாய் திறக்க வேண்டியிருந்தது. அதை நான் திறக்கவில்லை, அவர்தான் திறந்தார். என்னை எனக்குத் தெரியும், நான் திறந்திருக்கவே மாட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் பாஸ்டரைப் போய்ப் பார்த்தேன். 'விடு ஜோயல், உள்ளுக்குள்ளயே வெச்சுக்கோ' என்று சொல்லிவிடுவாரோ என்று பாதி ஆசை இருந்தது. எல்லாம் கேட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நீ சொன்னே, விசாரிக்காம நான் ஆமென் சொன்னேன். ரெண்டு பேரும்தான் நிக்கணும். ஞாயித்துக்கிழமை நீ பேசு, அப்புறம் நான் பேசறேன்."

"எத்தனை நிமிஷம் பாஸ்டர்?"

"இப்பவும் நிமிஷமாடா கேக்கறே?"

அந்த ஞாயிறு கீபோர்டு தம்பியிடம் முதலிலேயே சொல்லிவிட்டேன், "தயவுசெஞ்சு கையை மடியில வெச்சுக்கோ." வெறும் குரலில் சொன்னேன். ஃபேன் சத்தம் கேட்டது. யாரும் கைதட்டவில்லை. பின்வரிசையில் ஒரு அம்மா அழுதார்கள், அது எனக்காகவா எஸ்தருக்காகவா தெரியாது. பாஸ்டர் எழுந்து, மருந்து எடுப்பது விசுவாசக் குறைவு என்று யாரும் இனி இந்தச் சபையில் சொல்லக் கூடாது என்றார். வெளியே வரும்போது ஒரு பெரியவர், "ஏம்பா, இதையெல்லாம் இப்படி பப்ளிக்கா சொல்லணுமா, ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணி, கொஞ்சம் பூசிச் சொல்லியிருக்கலாமே" என்றார். "அட்ஜஸ்ட் பண்ணித்தான் அங்கிள் முதல்ல சொன்னேன்" என்றேன்.

பழைய காணொளியை அழித்துவிட்டேன். ஆனால் அனுப்பியது அனுப்பியதுதான். போன மாதம்கூட யாரோ ஒருவர், தெரியாத எண்ணிலிருந்து, ஆசீர்வாதம் என்று அதை எனக்கு அனுப்பினார். ஒவ்வொரு தடவையும் உட்கார்ந்து பதில் எழுதுகிறேன். இது நான்தான், இது உண்மை இல்லை, உங்கள் குழந்தைக்கு மருந்து நடந்தால் நிறுத்தாதீர்கள். உங்களில் யாரிடமாவது அது இருந்தால் அழித்துவிடுங்கள். இதைக் கேட்கத்தான் பாதி இந்தச் சாட்சியை எழுதுகிறேன்.

எஸ்தருக்கு இப்போது பதினைந்து மாதம். பெங்களூரில் குளிர் இறங்கியதும் முழங்கால் மடிப்பில் மறுபடி சிவந்தது. பல் முளைக்கும்போது வாயோரம் புண்ணானது. போகிறது, வருகிறது. அல்சூர் டாக்டர் முதல் நாளே சொன்னதுதான். ஆனால் கன்னத்துத் தோல் திரும்பிவிட்டது. அந்தச் சிவப்பு நூல்கள் மங்கிவிட்டன. கைக்குச் சாக்ஸ் இல்லை. அந்தக் கையால்தான் இப்போது என் கண்ணாடியைப் பிடுங்குகிறாள். காலையில் ஓடிப்போய் படம் எடுப்பதை நிறுத்திவிட்டேன் என்று பெருமையாகச் சொல்ல ஆசை. முழுசாக நிறுத்தவில்லை. வாரத்துக்கு ஒன்று. ஷீபாவுக்குத் தெரிந்துதான்.

போன ஞாயிறு சாட்சி நேரத்தில் ரோஸி அக்கா கை தூக்கினார்கள். நான் மைக்கைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஆரோனின் சட்டைக் கையை ஏற்றி எல்லாருக்கும் காட்டினார்கள். பிறகு டாக்டர் பெயர், எந்த ஆயின்மென்ட், எத்தனை நாள், மாய்ஸ்சரைசர் எத்தனை வேளை, பருத்திச் சட்டை, நகம் வெட்டுவது வரை ஒன்று விடாமல் சொல்லி, "இத்தனையும் செய்யப் பெலன் கொடுத்த கர்த்தருக்கு நன்றி" என்றார்கள். முடித்துவிட்டு மைக்கை என்னிடம் நீட்டியபடியே, அது அணையாமல் இருக்கும்போதே, "தம்பி, ஏதாவது விட்டுட்டேனா?" என்றார்கள். சபையே சிரித்தது. ஷீபா எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தாள். எட்டு மாதத்துக்குப் பிறகு இந்த விஷயத்தில் அவள் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன்.

உங்கள் வீட்டிலும் ஒரு குழந்தை தோள் சட்டையில் முகத்தைத் தேய்த்துக்கொண்டிருக்கலாம். ஜெபியுங்கள். என்னைவிட நன்றாக ஜெபியுங்கள், நாள் குறிக்காமல். டாக்டரிடம் போங்கள், தடவியது எல்லாவற்றையும் பையோடு கொண்டுபோய் மேஜைமேல் கொட்டுங்கள். வெட்கப்படாதீர்கள். எங்களைக் கைவிடாத ஆண்டவர் உங்களையும் கைவிட மாட்டார், அவரை நம்பி உண்மையைச் சொல்லலாம். அவர் செய்ததை நாம் நம் பங்குக்கு ஏற்றிச் சொல்ல வேண்டும் என்ற அவசியம் அவருக்கு இல்லை.

எஸ்தர் எழுந்துவிட்டாள், கூப்பிடுகிறாள். இன்றைக்குக் குளிப்பாட்டுவது என் முறை. மாய்ஸ்சரைசரும் களிம்பும் ஜன்னல் பக்கத்து அலமாரியில், யார் வந்தாலும் பார்க்கிற இடத்தில்தான் இருக்கின்றன.